ரெண்டாங் செய்தால் குருமா வருகிறது: எங்கே பிசகு?

#1 ஈசூன்_இட்லிப்பானை

ஆட்டு ரெண்டாங் (தேங்காய்ப்பாலில் சுண்டவைக்கும் உலர்கறி) இரண்டு தடவை செய்தாச்சு. இரண்டு தடவையும் மஞ்சள் நிறத்தில், தளதளவென்று, கிட்டத்தட்ட மட்டன் குருமா. பச்சை வெங்காய வாடை வேறு. செய்த முறையை ஒளிக்காமல் போடுகிறேன்.

எலும்பில்லாத தொடைக்கறி 1 கிலோ, 2 செ.மீ. துண்டு. அரைத்தது: பெரிய வெங்காயம் 3, காய்ந்த மிளகாய் 12, இஞ்சி, பூண்டு, லெங்குவாஸ் ஒரு துண்டு, செராய் (எலுமிச்சைப்புல்) 2, தண்ணீர் 1 கப். எண்ணெய் 2 மேசைக்கரண்டி விட்டு 5 நிமிடம் வதக்கல். பிறகு கறி, உப்பு, தண்ணீர் சேர்த்து பிரஷர் குக்கரில் 6 விசில். கடைசியில் பெட்டித் தேங்காய்ப்பால் 200 மி.லி. ஊற்றி, ஒரு கொதி வந்ததும் அணைத்தேன்.

சனிக்கிழமை 8 பேருக்குச் செய்யணும். கறுப்பாக, உலர்வாக வர எதை மாற்றணும்?

#2 அம்மிக்கல்

"ஒரு கொதி வந்ததும் அணைத்தேன்." பிசகு அங்கேயே இருக்கிறது.

நம் வீடுகளில் தேங்காய்ப்பால் கடைசியில்தான் சட்டிக்குப் போகும். திரிந்துவிடுமோ என்று பயந்து பயந்து இறக்குவோம். சொதியும் குருமாவும் அந்த வழி. ரெண்டாங் நேர் எதிர்வழி. பால் முதலிலேயே போக வேண்டும், திரிய வேண்டும், தண்ணீர் முழுக்க வற்ற வேண்டும், பாலிலிருந்து கக்கிய எண்ணெயிலேயே கறி வறுபட வேண்டும்.

உருக்கெண்ணெய் காய்ச்சுவதை நினைத்துக்கொள்ளுங்கள். தேங்காய்ப்பாலை உருளியில் காய்ச்சினால் முதலில் கொதிக்கும், அப்புறம் திரியும், அப்புறம் எண்ணெய் தெளிந்து மேலே நிற்கும். அடியில் தங்கிய கசடு பொன்னிறமாகிப் பழுப்பாகி மணக்கும். அந்தக் கசடு மசாலாவோடு சேர்ந்து இறைச்சியில் ஒட்டிக்கொண்டால் ரெண்டாங்.

இது மேற்குச் சுமத்திராவின் மினாங்கபாவ் மக்களுடைய சமையல். ஒரே சட்டியின் மூன்று நிலைக்கு அவர்களிடம் மூன்று பெயர் உண்டு. குழம்பாக இருக்கும்போது குலாய், சுண்டிக் கெட்டிப்பட்டுப் பழுப்பேறினால் காலியோ, எண்ணெய் பிரிந்து கறுத்து உலர்ந்தால்தான் ரெண்டாங். நீங்கள் குலாயிலேயே அணைத்துவிட்டீர்கள்.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 1 கிலோ கறிக்குக் கெட்டிப்பால் 800 மி.லி. வேண்டும். அதில் கொழுப்பு 20 விழுக்காடு என்றால் 160 கிராம் எண்ணெய் பாலுக்குள்ளேயே இருக்கிறது. மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். கறியும் வேகும்போது நீர் விடும், வெங்காயமும் விடும். மொத்தத்தில் 1 லிட்டர் அளவுக்கு ஆவியாகியாக வேண்டும். மூடாத அகலமான கடாயில் சிறு தீயில் 2 முதல் 2½ மணி நேரம். தண்ணீர் இருக்கும்வரை சட்டிக்குள் சூடு 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும். அந்தச் சூட்டில் கறி வேகும், நிறம் ஏறாது. தண்ணீர் போனபிறகுதான் எண்ணெயின் சூடு கூடி, கறுப்பும் வறுத்த வாசனையும் வரும். ஆகவே கடைசி அரைமணிதான் ரெண்டாங். அதற்கு முந்தியதெல்லாம் ஆயத்தம்.

#3 மஞ்சள்_இலை

அம்மிக்கல் சொன்னது சரி, ஆனால் பச்சை வாடைக்குக் காரணம் வேறு. அது ரெம்பாவில், அதாவது அரைப்பில்.

பெரிய வெங்காயம் வேண்டாம். நீர் அதிகம், இனிப்பும் தூக்கலாகிவிடும். சின்ன வெங்காயம் 250 கிராம். காய்ந்த மிளகாய் 25, விதை தட்டி வெந்நீரில் 20 நிமிடம் ஊறவையுங்கள். காரம் வேண்டாதவர்கள் எண்ணிக்கையைக் குறைக்காமல் விதையை முழுக்க நீக்கட்டும், ஏனென்றால் நிறமும் கெட்டித்தன்மையும் மிளகாய்த் தோலில் இருக்கிறது. பூண்டு 6 பல், இஞ்சி 3 செ.மீ., லெங்குவாஸ் 5 செ.மீ., பச்சை மஞ்சள் 2 செ.மீ., செராய் 3 தண்டின் அடி வெள்ளைப் பகுதி மட்டும், புவா கெராஸ் கொட்டை (கேண்டில்நட்) 5. புவா கெராஸைப் பச்சையாக வாயில் போட்டுவிடாதீர்கள், வயிற்றைக் கலக்கும். வெறும் சட்டியில் வறுத்து அரைத்து, மறுபடி அரைப்போடு வதங்கிவிட்டால் பயமில்லை. கிடைக்காவிட்டால் மக்காடேமியா, அதுவும் இல்லாவிட்டால் முந்திரி.

லெங்குவாஸ் நம்முடைய பேரரத்தைதான். நாட்டு மருந்துக் கடையில் வெறுமனே "அரத்தை" என்று கேட்டால் சித்தரத்தையைக் கொடுத்துவிடுவார்கள். அது வேறு, கஷாய வாடை அடிக்கும். ஈரச்சந்தையில் பச்சையாக வாங்குங்கள். இளசாக, இளஞ்சிவப்பு முனையோடு இருப்பது மிக்சியில் மசியும். முற்றியது விறகு.

அரைக்கும் வரிசை முக்கியம். செராயையும் லெங்குவாஸையும் குறுக்காக மெல்லிசாக அரிந்து முதலில் போடுங்கள். நீளவாக்கில் போட்டால் நார் அப்படியே நின்று பல்லில் சிக்கும். அடுத்து மிளகாய், கொட்டை, மஞ்சள். வெங்காயம் கடைசியில், அது விடும் நீரிலேயே மற்றது அரைபடும். பிளேடு சுற்றவில்லை என்றால் தண்ணீருக்குப் பதில் எண்ணெய் 3 மேசைக்கரண்டி ஊற்றுங்கள். எப்படியும் அடுத்து எண்ணெயில்தானே வதக்கப்போகிறோம். நீங்கள் ஊற்றிய 1 கப் தண்ணீரைப் போக்கவே உங்கள் 5 நிமிடமும் சரியாகப் போயிருக்கும். வெங்காயம் வதங்கவே இல்லை, தண்ணீரில் கொதித்திருக்கிறது.

வதக்கல்: எண்ணெய் அரை கப், அதாவது 125 மி.லி. (அரைக்கும்போது ஊற்றியதும் இதில் சேர்த்தி). பட்டை 1, அன்னாசிப்பூ 2, கிராம்பு 4, ஏலக்காய் 4 பொரியவிட்டு அரைப்பைப் போடுங்கள். மிதமான தீ, 15 நிமிடத்துக்குக் குறையாமல். கடிகாரத்தை விடக் காதை நம்புங்கள். முதலில் "பொளக் பொளக்" என்று குமிழ் வெடிக்கும், அது தண்ணீர். பிறகு சத்தம் மெலிந்து "சர்ர்ர்" என்று மாறும். அரைப்பு செங்கல் நிறத்திலிருந்து அடர்சிவப்புக்குப் போகும், கரண்டியால் ஒதுக்கினால் ஒட்டாமல் நகரும், ஓரத்தில் சிவப்பு எண்ணெய் கசியும். மலாய்ச் சமையலில் இதற்கு பெச்சா மின்யாக் என்று பெயர். இதற்கு முன்னால் எதைச் சேர்த்தாலும் பச்சை வாடை கடைசிவரை போகாது.

#4 ஈசூன்_இட்லிப்பானை

அக்கா, 125 மி.லி. எண்ணெயா? அதோடு பாலிலிருந்து 160 கிராம். மிதக்காதா?

#5 அம்மிக்கல்

மிதக்கும். அதனால்தான் எனக்கு அந்த வதக்கலில் உடன்பாடு இல்லை. மினாங் முறையில் ரெம்பாவை வதக்குவதே கிடையாது. அரைப்பு, பால், இலைகள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கடாயில் போட்டுக் கொதிக்கவிட்டு, கறியைச் சேர்ப்பார்கள். பால் கக்கும் எண்ணெயே கடைசியில் மசாலாவை வறுத்துவிடும். சொட்டு எண்ணெய்கூட வெளியிலிருந்து வேண்டாம்.

#6 மஞ்சள்_இலை

அது 4 மணி நேரம் அடுப்பில் நிற்பவர்களுக்குப் பொருந்தும், அண்ணே. அங்கே அவ்வளவு நேரம் ஓடுவதால் பச்சை வாடை தானாகப் போகிறது. இங்கே வீவக அடுக்குமாடி வீட்டு அடுக்களையில் 2 மணி நேரத்தில் இறக்குபவர்கள் வதக்காமல் விட்டால் வெங்காயம் பாதி வெந்து நிற்கும். கோழி என்றால் அதுவும் இல்லை, 50 நிமிடத்தில் கறி சிதைந்துவிடும். சிங்கப்பூர், மலேசிய வீடுகளில் வதக்கிச் செய்வதுதான் வழக்கம், சுவையும் வேறு. எண்ணெய் அதிகமென்று பட்டால் 80 மி.லி. வைத்துக்கொண்டு, அடிப்பிடிக்காமல் கூடுதல் நேரம் கிளறுங்கள். அதற்குக் கீழே போனால் அரைப்பு வதங்காமல் கருகும். மிஞ்சிய எண்ணெயைக் கடைசியில் வழித்து எடுத்து வைத்தால் மறுநாள் நாசி கோரேங் என்ற வறுத்த சோற்றுக்கு அதைவிட நல்ல எண்ணெய் கிடைக்காது.

#7 தேக்கா_பை

பாலைப் பற்றி யாரும் பேசவில்லையே. பெட்டியின் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஸ்டெபிலைசர், எமல்சிஃபையர் என்று 435, 466, 412, 415 போன்ற எண்கள் இருந்தால் அந்தப் பால் திரியாதபடி கட்டி வைக்கப்பட்டது. லக்சா என்ற நூடுல்ஸ் குழம்புக்கு அருமை. ரெண்டாங்குக்கு வில்லன். மணிக்கணக்கில் காய்ச்சினாலும் எண்ணெய் சீக்கிரம் பிரியாது, கூழ் மாதிரி அடிப்பிடிக்கும். தேங்காயும் தண்ணீரும் மட்டும் எழுதியிருக்கும் பெட்டியைத் தேடி எடுங்கள். கொழுப்பு விழுக்காட்டையும் பாருங்கள். கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத் தரப்படி தேங்காய்ப்பால் என்று எழுத 10 விழுக்காடே போதும், தேங்காய்க் கிரீமுக்கு 20. பத்து விழுக்காட்டுப் பாலில் செய்தால் எண்ணெய் எங்கிருந்து வரும்?

இன்னும் நல்லது தேக்கா, கேலாங் செராய் போன்ற இங்குள்ள பசாரில் (சந்தையில்) துருவிய தேங்காய் வாங்கிப் பிழிவது. வெள்ளையாக, பழுப்புத் தோல் கலக்காமல் துருவச் சொல்லுங்கள். 1 கிலோ கறிக்கு 3 தேங்காய். வெதுவெதுப்பான தண்ணீர் 1½ கப் மட்டும் ஊற்றி முதல் பால், இன்னொரு 2 கப் ஊற்றி இரண்டாம் பால். கறி வேக இரண்டாம் பால், வறுபட முதல் பால். காலையில் பிழிந்து மாலை சமைக்கலாம் என்று மேசையில் வைத்துவிடாதீர்கள். இந்த ஊர் வெக்கையில் சில மணி நேரத்தில் புளித்துவிடும். பிழிந்ததும் பிரிட்ஜ், இல்லையென்றால் நேரே அடுப்பு.

#8 பிடோக்_வாணலி

கறியையும் மாத்தணும் லா. எலும்பில்லாத தொடை, அதுவும் 2 செ.மீ. துண்டு, அதுவும் 6 விசில். நார் நாராப் போகாம என்ன செய்யும்? ரெண்டாங்குக்குத் தோள் பகுதி, இல்லைன்னா முன்னங்கால். சவ்வும் கொழுப்பும் உள்ள இடம்தான் மெல்ல மெல்ல உருகி ஜெலட்டினாகி மசாலாவைப் பிடிச்சு வைக்கும். துண்டு 4, 5 செ.மீ. இருக்கட்டும், வெந்தா மூணுல ஒரு பங்கு சுருங்கிடும். மாட்டிறைச்சி சாப்பிடுறவங்க கால்கறி கேட்டு வாங்கலாம்.

குக்கர் கட்டாயம்னா இப்படிச் செய்யுங்க. ரெம்பா வதக்கினதும் கறியைப் போட்டு 5 நிமிஷம் பிரட்டி, இரண்டாம் பால் இல்லைன்னா தண்ணி அரை கப் மட்டும் ஊத்தி, 2 விசில். ஆவி தானா அடங்கணும். கறி முக்கால் வேக்காட்டுல இருக்கும். பிறகு கடாய்க்கு மாத்தி முதல் பாலை ஊத்தி, மூடாம சுண்ட வைங்க. மொத்தம் 1¼ மணி நேரத்துல முடியும். முதல் பாலைக் குக்கருக்குள்ள ஊத்தாதீங்க. பொங்கி வால்வை அடைக்கும், தண்ணியும் வெளியே போகாது.

#9 மஞ்சள்_இலை

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். பால் கொதி வந்ததும்: தட்டிய செராய் 2, லிமாவ் புரூட் (கஃபீர் எலுமிச்சை) இலை 5 (நடு நரம்பைக் கிழித்து எறியுங்கள், கசப்பு அதில்தான்), அசாம் கெப்பிங் (உலர்ந்த புளிப்புக் காய்) 2 துண்டு, உப்பு 1 தேக்கரண்டி மட்டும். உப்பை முழுசாக முதலிலேயே போட்டால், 1 லிட்டர் வற்றியபிறகு வாயில் வைக்க முடியாது. கொத்தமல்லித் தூள் 2 மேசைக்கரண்டி, சீரகத்தூள் 1 தேக்கரண்டி, சோம்புத்தூள் 1 தேக்கரண்டி ரெம்பா வதங்கி முடியும்போதே போயிருக்க வேண்டும்.

அசாம் கெப்பிங் இல்லாவிட்டால் கேரளக் குடம்புளி 1 துண்டு. இரண்டும் கார்சீனியா இனத்துப் பங்காளிகள். குடம்புளி புகையில் உலர்த்தியது, அதனால் கழுவிப் போடுங்கள்.

முதல் மணி நேரம் 10 நிமிடத்துக்கு ஒருமுறை கிளறினால் போதும். கெட்டியானபிறகு 3 நிமிடத்துக்கு ஒருமுறை. எண்ணெய் பிரிந்ததும் அடுப்பை விட்டு நகரக் கூடாது, அடியைச் சுரண்டிச் சுரண்டிப் பிரட்ட வேண்டும். மஞ்சள் செடியின் இலை 1, நரம்பு நீக்கிப் பொடியாக அரிந்தது, கடைசி 20 நிமிடத்தில். குலா மெலாக்கா (தென்னை வெல்லம்) 1 மேசைக்கரண்டி அதற்கும் பின்னால், முன்னே போட்டால் அடியில் கருகும்.

கெரிசிக், அதாவது வறுத்து இடித்த தேங்காய், அந்தச் சமயத்தில்தான். துருவல் 100 கிராம், வெறும் கடாயில் மிகச் சிறு தீயில் 15 முதல் 20 நிமிடம், ஆழ்ந்த பழுப்பு வரும்வரை. சூடாக இருக்கும்போதே உரலில் இடியுங்கள். முதலில் தூளாகும், இடிக்க இடிக்க எண்ணெய் விட்டுக் களிம்பாகும். களிம்பானால்தான் கெரிசிக். தூளாகவே போட்டால் ரெண்டாங்கில் மணல் மாதிரி நெருடும். 1 கிலோவுக்கு 3 மேசைக்கரண்டி.

#10 அம்மிக்கல்

மினாங்கில் கெரிசிக் இல்லை என்பதை மட்டும் பதிந்துவிட்டுப் போகிறேன். பாலை முழுக்கச் சுண்டவிடப் பொறுமை இருந்தால் அது செய்யும் வேலையைக் கசடே செய்துவிடும். சண்டைக்கு வரவில்லை!

#11 சைவச்_சட்டி

இறைச்சி இல்லாமல் செய்ய முடியுமா? பெலாச்சான் (இறால் விழுது) போடாத பண்டம் என்பதால் கேட்கிறேன்.

#12 மஞ்சள்_இலை

முடியும். பிஞ்சுப் பலா நன்றாக வரும். டின்னில் வாங்கினால் உப்புநீரில் போட்டதா சர்க்கரைப் பாகில் போட்டதா என்று பாருங்கள், பாகு வேண்டாம். கழுவி, புதுத் தண்ணீரில் 10 நிமிடம் வேகவைத்து வடித்து, கையால் அழுத்திப் பிழியுங்கள். பிழியாவிட்டால் டின் வாடை உள்ளேயே தங்கும். நீர் வடித்த பலா 600 கிராமுக்குப் பால் 400 மி.லி. போதும், ரெம்பா பாதி. பலா சீக்கிரம் மசியும் என்பதால் முதலில் பாலையும் ரெம்பாவையும் தனியாகக் காலியோ பதத்துக்குச் சுண்டவைத்துவிட்டுப் பலாவைச் சேர்த்து 25 நிமிடம். பலாவில் ஜெலட்டின் கிடையாது, மசாலா பிடிக்காது. அதனால் கெரிசிக்கை 4 மேசைக்கரண்டியாக்குங்கள். தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி) என்றால் பொரித்துவிட்டுக் கடைசி 10 நிமிடத்தில் போட்டால் போதும்.

கோழிக்கும் இதே வழிதான்: சுண்டவைத்துவிட்டுக் கறி. எலும்போடு தொடை, பால் 500 மி.லி. தோல் மொறுமொறுவென்று வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், வரக் கூடாது. 2018-இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் நடுவர் அதைத்தான் குறையாகச் சொல்லி, இந்த வட்டாரம் முழுவதும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

#13 பிடோக்_வாணலி

லக்சால பால் திரிஞ்சா என்ன பண்றதுன்னு கேட்க வந்தேன். இங்க திரியணும்னு பாடம் நடக்குது.

#14 தேக்கா_பை

லக்சா உங்கள் சொதி மாதிரி. பாலில் உள்ள புரதம்தான் கொழுப்புத் துளிகளைத் தனித்தனியாகப் போர்த்தி வைத்திருக்கிறது. 80 டிகிரியைத் தாண்டித் தளதளவென்று கொதிக்கும்போது அது இறுகிவிடும், துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து எண்ணெயாகும். புளியும் அதிக உப்பும் இதை விரைவுபடுத்தும். எனவே உலர் இறால், பெலாச்சான் ரெம்பாவை வதக்கி, இறால் ஓட்டு ரசத்தைக் கொதிக்கவைத்து, தீயைக் குறைத்தபிறகு பாலை ஊற்றுங்கள். மேலே சின்ன நடுக்கம் தெரிந்தால் போதும், கொதி கூடாது, மூடியும் கூடாது. மேலே மிதக்கும் சிவப்பு எண்ணெய் ரெம்பாவினுடையது, அது இருக்கட்டும். வெள்ளைத் துகள் தெரிந்தால்தான் திரிந்தது. அப்படியானால் 2 கரண்டி எடுத்து மிக்சியில் அடித்துத் திருப்பி ஊற்றினால் ஓரளவு சேரும். 435 எண் பெட்டி இங்கே கைகொடுக்கும்.

#15 ஈசூன்_இட்லிப்பானை

சனிக்கிழமைக்கு முன் ஒத்திகை முடிந்தது. தோள்கறி 1 கிலோ, 4 செ.மீ. எண்ணெய் 80 மி.லி., ரெம்பா 19 நிமிடத்தில் சத்தம் மாறியது. பிழிந்த பால். குக்கர் இல்லை. 1 மணி 20 நிமிடத்தில் எண்ணெய் பிரிந்தது, 2 மணி 5 நிமிடத்தில் இறக்கினேன். நிறம் கறுப்பு, பச்சை வாடை சுத்தமாக இல்லை. இரண்டு குறை: பின்நாக்கில் லேசான கசப்பு, இரும்புக் கடாயில் செய்ததால் ஒரு மாதிரி உலோகச் சுவை. 8 பேருக்கு 2 கிலோவை அதே கடாயில் செய்யலாமா?

#16 மஞ்சள்_இலை

உலோகச் சுவை அசாம் கெப்பிங்கால். புளிப்பு இரும்பில் 2 மணி நேரம் கொதித்தால் அப்படித்தான். எவர்சில்வர் அடிகனச் சட்டிக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் அசாமைக் கடைசி 30 நிமிடத்தில் போடுங்கள். கசப்புக்கு மூன்று சந்தேகம்: கெரிசிக் ஓரம் கருகியதா, லிமாவ் புரூட் நரம்பா, அடியில் பிடித்ததைச் சுரண்டிக் கலந்தீர்களா? பழுப்பு ஒட்டலைச் சுரண்டலாம், கறுத்து உறைந்ததைத் தொடக் கூடாது. அப்படிப் பிடித்தால் கறியை வேறு சட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

2 கிலோவை ஒரே கடாயில் போடாதீர்கள். ஆவி போகும் பரப்பு அதேதான், தண்ணீர் இரட்டிப்பு. 4 மணி நேரம் ஆகும், அதற்குள் கறி குழைந்துவிடும். இரண்டு அடுப்பில் இரண்டு சட்டி. ரெம்பாவை மட்டும் மொத்தமாக அரைத்துக்கொள்ளலாம்.

#17 தேக்கா_பை

வெள்ளிக்கிழமையே செய்துவிடுங்கள். ஒரு நாள் இருந்தால் மசாலா இறங்கும். ஆறியதும் அகலத் தட்டில் பரப்பி, 2 மணி நேரத்துக்குள் பிரிட்ஜுக்குப் போகட்டும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் விட்டு வைக்கக் கூடாது. உலர் பண்டம்தானே என்று இரவு முழுக்க அடுப்பின்மேல் வைப்பவர்கள் உண்டு. நாம் 2 மணி நேரத்தில் இறக்கும் ரெண்டாங் அவ்வளவு உலர்ந்தது அல்ல. சூடாக்கும்போது வெந்நீர் 3 மேசைக்கரண்டி தெளித்து, மூடி, சிறு தீயில் 10 நிமிடம், பிறகு திறந்து அந்தத் தண்ணீர் வற்றும்வரை. மைக்ரோவேவில் வைத்தால் ஓரம் தோலாகிவிடும்.

#18 ஈசூன்_இட்லிப்பானை

சரி, வெள்ளிக்கிழமை இரண்டு சட்டி. கெத்துப்பாட் (ஓலைக்கூட்டில் வேகவைக்கும் சோறு) பின்னத் தெரியாது. இடியாப்பம் வைத்தால் யாராவது அடிப்பீர்களா?

#19 பிடோக்_வாணலி

இடியாப்பத்துக்கு ரெண்டாங் ஒட்டாது, காயும். அந்த வழிச்ச எண்ணெய்ல 1 கரண்டி இடியாப்பத்து மேல ஊத்திப் பிசிறுங்க. ஒட்டும்.